வில் செய்ய எந்த மரம்? யூ, ஓசேஜ், ஹிக்கரி, ஆஷ் குறித்து ஒரு விவாதம்

ஆற்றங்கரையான் (ஒண்டாரியோ)

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவில் தெற்கு ஒண்டாரியோவில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு கடையில் வாங்கிய சிவப்பு ஓக் பலகையிலிருந்து என் முதல் வில்லைச் செய்தேன். 24 அங்குலம் இழுத்தபோது அது வெடிபோல் ஓசையெழுப்பி மேற்கையின் (கைப்பிடிக்கு மேலே வளையும் பாதியின்) நடுவில் முறிந்தது. முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தபோது, இலக்கை நோக்கியிருக்கும் முதுகுப் பக்கத்தில் நார் ஓட்டம் சாய்ந்து விளிம்பைத் தாண்டி வெளியேறியிருந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கியிருந்தது. பலகையை வாங்கும்போதே விளிம்பைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காதது என் பிழை.

இப்போது பலகையை விட்டுவிட்டு, அடிமரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து எடுத்த கட்டையிலிருந்து செய்ய விரும்புகிறேன். எனக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு தாக்கியதால் இந்த ஜனவரியில் எங்கள் கொல்லையில் வெட்டப்பட்ட ஆஷ் மரம் முதலாவது; வெட்டும்போது அதன் உச்சியில் பாதி இன்னும் உயிரோடிருந்தது. இரண்டாவது, அருகிலுள்ள மர அறுவை ஆலையில் கிடைக்கும் ஹிக்கரி. மூன்றாவது, கான்சாஸில் வாழும் நம் உறுப்பினர் ஒருவர் பட்டை நீக்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கும் ஓசேஜ் ஆரஞ்சுக் கட்டை. யூ மரக்கட்டையின் விலையை விசாரித்தேன், விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு இழுவிசை (நாணை அவ்வளவு இழுக்கத் தேவையான விசை) உள்ள வில் எனக்குப் போதும். எந்த மரத்தில் தொடங்குவது, ஏன் என்பதைக் காரணத்தோடு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாணொலி (இங்கிலாந்து)

உங்களிடம் இல்லாத மரத்தைப் பற்றி எழுதுவது முறையா என்று தயங்கினேன். ஆனால் யூவை ஒதுக்கிவிட்டு மற்ற மரங்களை ஒப்பிடுவது, படிக்கல் இல்லாமல் தராசைத் தூக்குவதைப் போன்றது.

யூ மரத்தின் சிறப்பு, இயற்கையே அதை இரண்டு அடுக்காகச் செய்து தந்திருப்பதில் இருக்கிறது. நம் ஊர்த் தச்சர்கள் எந்த மரத்தை எடுத்தாலும் வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். யூ வில்லில் அப்படிச் செய்யக் கூடாது. வெளிப்புறத்திலுள்ள வெண்ணிற வெளிறு நீட்சியை நன்றாகத் தாங்குகிறது. அதை இலக்கை நோக்கியிருக்கும் முதுகாக வைக்கிறோம். உட்புறத்திலுள்ள செம்பழுப்பு வைரம் அமுக்கத்தை நன்றாகத் தாங்குகிறது. அதை எய்பவரை நோக்கியிருக்கும் வயிறாக வைக்கிறோம். பிற பண்பாடுகளில் கொம்பையும் தசைநாரையும் பசையால் ஒட்டி உருவாக்கிய ஏற்பாட்டை இந்த மரம் ஒட்டாமலேயே வைத்திருக்கிறது.

1545 ஜூலையில் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் 137 முழு விற்கள் கிடைத்தன; அவை யூ மரத்தில் செய்தவை. அவற்றின் இழுவிசை 100 பவுண்டிலிருந்து 180 பவுண்டையும் தாண்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் விளையும் யூ போதாமல், துறைமுகத்துக்கு வரும் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே இயற்றினார்கள். அதற்கும் நெடுங்காலம் முன்பு, 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆல்ப்ஸ் பனியில் கிடந்து 1991இல் கண்டெடுக்கப்பட்ட மனிதரின் அருகிலும் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள யூ வில் இருந்தது. அது முடிக்கப்படாத வில். செதுக்கிய தழும்புகள் அதில் இன்னும் தெரிகின்றன. கையில் வேலை பாதியில் நிற்கும் நம் எல்லோருக்கும் அவர் ஒருவகையில் மூத்தவர்.

ஒரு முன்னெச்சரிக்கை: யூ நச்சு மரம். அதை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் முகமூடி அணியாமல் இருக்கக் கூடாது.

உளிச்சத்தம் (கான்சாஸ்)

நாணொலி அவர்கள் சொன்ன வரலாற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அரசு சட்டம் போட்டு இறக்குமதி செய்தது என்பது மரத்தின் உயர்வை மட்டும் காட்டவில்லை. அந்நாட்டில் அதற்கு நிகரான வேறொரு மரம் வளரவில்லை என்பதையும் காட்டுகிறது. அவர்களிடம் ஓசேஜ் இருந்திருந்தால் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும் என்பது என் நம்பிக்கை. இதை என் ஊர்ப்பற்று என்று நினைத்தாலும் சரி.

ஓசேஜ் ஆரஞ்சு என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது நாரத்தை இனம் அல்ல. பலாவும் முசுக்கொட்டையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பலாக்கட்டையை அறுத்துப் பார்த்தவருக்கு இதன் மஞ்சள் நிறம் உடனே பழக்கப்பட்டதாகத் தோன்றும். வெயில் பட்டால் பலாவைப் போலவே பழுப்பாகவும் மாறும். இதன் தாயகம் டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சாஸ் மாநிலங்கள் சந்திக்கும் சிவப்பாற்றுப் பகுதி. அங்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'வில் மரம்' என்றே தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். 1811இல் மிசௌரி ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்ற தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, அங்கிருந்த அரிக்காரா மக்களிடம் இந்த மரத்தில் செய்த ஒரு வில்லின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று பதிவு செய்திருக்கிறார். மரம் வளரும் இடத்துக்கும் அந்த ஊருக்கும் உள்ள தொலைவை வரைபடத்தில் பார்த்தால் அந்த விலையின் பொருள் புரியும்.

இப்போது கான்சாஸில் எங்கு பார்த்தாலும் இது நிற்பதற்குக் காரணம் வேலி. முட்கம்பி பரவுவதற்கு முன் உழவர்கள் இதை உயிர்வேலியாக நட்டார்கள். கம்பி வந்த பிறகு அதே மரத்தை வெட்டிக் கம்பிக்குக் கம்பமாக நட்டார்கள். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்தும் உளுக்காத கம்பங்களை நானே பிடுங்கியிருக்கிறேன்.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். ஓசேஜைப் பற்றிய பேச்சின் பாதி அதில்தான் இருக்கிறது. இதன் பட்டையையும் மெல்லிய வெளிறையும் பெரும்பாலோர் நீக்கிவிடுகிறோம். பிறகு வைரத்தில் ஏதேனும் ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்த ஒரே வளையம் முதுகாக அமையும்படி மேலே உள்ளவற்றைச் சீவ வேண்டும். இரு கைப்பிடிக் கத்தியை நம்மை நோக்கி இழுத்துச் சீவும்போது கண்ணைவிடக் காதே அதிகம் உதவுகிறது. வசந்தத்தில் வளர்ந்த துளைமிகுந்த மெல்லிய அடுக்கில் கத்தி போகும்போது ரஸ்க்கைக் கடிப்பதுபோல் நொறுநொறுவென்று ஒலிக்கும், தூள் உதிரும். அந்த அடுக்கு தீர்ந்து, கோடையில் வளர்ந்த அடர்ந்த அடுக்கைத் தொட்டதும் ஓசை நின்று, கத்தி வழுக்கும். அங்கே நிறுத்த வேண்டும். கணு இருக்கும் இடத்தில் வளையம் சிறு மேடாக எழும்பும். மேட்டைத் தட்டையாக்கினால் நார்கள் அறுபடும், வில் அங்கேதான் உடையும். மேட்டை மேடாகவே விட்டுச் சுற்றிச் சீவ வேண்டும். என் முதல் ஓசேஜ் கட்டைக்கு இந்த ஒரு வேலை மட்டும் மூன்று மாலைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் இரண்டாம் மாலை ஒரு சீவல் கூடுதலாக இழுத்து, அடுத்த வளையத்துக்கு இறங்கி, முதலிலிருந்து தொடங்கினேன்.

அளவுகோல்

இருவரும் பற்றோடு எழுதியிருக்கிறீர்கள். நான் விற்கலைஞன் அல்லன், கட்டுமானப் பொறியாளன். மர ஆய்வு அட்டவணைகளில் உள்ள சராசரி எண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வில்லுக்கு மரத்தின் வலிமை மட்டும் போதாது. உடையாமல் எவ்வளவு வளையும், வளையும்போது எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும், அந்த ஆற்றலுக்காக எவ்வளவு எடையைச் சுமக்கும் என்பவையே முக்கியம். வில்லின் வளையும் கையின் எடை கூடக்கூட, சேமித்த ஆற்றலில் பெரும்பங்கு அம்புக்குப் போகாமல் கையை நகர்த்துவதிலேயே வீணாகும்.

ஒரு கனமீட்டருக்கு யூ ஏறத்தாழ 705 கிலோ (இது அமெரிக்க மேற்குக் கரை யூ), ஓசேஜ் 855, ஷாக்பார்க் ஹிக்கரி 800, வெள்ளை ஆஷ் 675. வளைத்து முறிக்கும்போது தாங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) அதே வரிசையில் 105, 129, 139, 103 மெகாபாஸ்கல். வளைய மறுக்கும் அளவைக் காட்டும் விறைப்பெண் 9.3, 11.6, 14.9, 12.0 கிகாபாஸ்கல். வலிமையில் முதலிடம் ஹிக்கரிக்கு. யூவும் ஆஷும் ஏறத்தாழ ஒன்றுதான். இதோடு நிறுத்தினால் யூவின் புகழுக்குக் காரணமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் தகைவை விறைப்பால் வகுத்தால் படம் மாறுகிறது. முறிவதற்கு முன் யூ நீளத்தில் 1.13 விழுக்காடு வரை திரிபு (நீள மாற்றம்) ஏற்கிறது, ஓசேஜ் 1.11, ஹிக்கரி 0.93, ஆஷ் 0.86. அடுத்து, ஒரு கிலோ மரம் சேமிக்கக்கூடிய ஆற்றலைக் கணக்கிட்டால் யூவுக்கும் ஓசேஜுக்கும் சுமார் 840 ஜூல், ஹிக்கரிக்கு 810, ஆஷுக்கு 660 வருகிறது. அதாவது எடைக்கு எடை யூவும் ஓசேஜும் சமம். பருமனுக்குப் பருமன் பார்த்தால் ஓசேஜ் யூவை ஐந்தில் ஒரு பங்கு விஞ்சுகிறது. ஆகவே ஒரே இழுவிசைக்கு ஓசேஜ் வில்லைச் சிறிதாகச் செய்யலாம். குதிரை மேலிருந்து எய்த அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடி மக்கள் குட்டை விற்களை வைத்திருந்ததற்கும் இதற்கும் பொருத்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இவை முறிவு நிலை எண்கள் என்பதையும், ஒரே இனத்தின் இரண்டு மரங்களுக்குள் உள்ள வேறுபாடு இந்த இனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாணொலி

கணக்குக்கு நன்றி. சமன் என்று தீர்ப்பளித்துவிட்டீர்கள். இருவரும் சண்டையின்றி வீடு திரும்பலாம்.

இருப்பினும் அந்த எண்களுக்குள் வராத ஒன்று உண்டு. முறிவு என்பது வில்லுக்கு நேரும் கடைசி நிகழ்ச்சி. அதற்கு நெடுநேரம் முன்பே வயிறு அமுக்கத்தால் தளரத் தொடங்கிவிடும். நாணைக் கழற்றிய பிறகும் வில் எய்பவரை நோக்கிச் சிறிது வளைந்தே நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைத்த வளைவு தளர்ச்சியின் அடையாளம். ஆஷில் அது எளிதில் வரும். ஹிக்கரியின் முதுகை உடைப்பது கடினம். ஆனால் ஈரமான காற்றில் அதன் வயிறு சோர்ந்துவிடும். எங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி மழைச்சாரல் என்பதால், ஹிக்கரி வில்லை நான் ஒன்றுக்கு மேல் செய்யவில்லை.

உளிச்சத்தம்

ஹிக்கரியைப் பற்றி நீங்கள் சொன்னது முழுதும் சரி. ஈரத்தை உறிஞ்சுவதில் அது தென்னங்கருப்பட்டிக்குச் சமம். ஆனால் வறண்ட ஊரில் அதே மரம் வேறு குணம் காட்டும். கான்சாஸின் மேற்கில் குளிர்காலத்தில் ஓசேஜ் அளவுக்கு மீறி உலர்ந்து நொறுங்கும் நிலைக்குப் போகும்போது, ஹிக்கரி தன் உச்சத்தில் இருக்கும். மாசச்சூசெட்ஸின் சட்பரியில் 1660இல் கைப்பற்றப்பட்டு இன்றும் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தில் இருக்கும் பூர்வகுடி வில்லும் ஹிக்கரிதான். ஆகவே கிழக்குக் கரையில் அது ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. நெருப்பருகே உலர வைத்துக் கொழுப்புப் பூசிப் பேணினால் ஆகும்.

பனங்கை (இராமநாதபுரம்)

இவ்விவாதத்தை முதலிலிருந்து படித்து வருகிறேன். எனக்கு யூவும் ஓசேஜும் படத்தில் மட்டுமே பழக்கம். ஆனால் வெளிறும் வைரமும் பற்றி நாணொலி அவர்கள் எழுதியதைப் படித்தபோது தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வந்தது. புறத்தே காழ் (வைரம்) உள்ளவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உள்ளவற்றை மரம் என்றும் அது பிரிக்கிறது. பனையும் மூங்கிலும் புறக்காழ்; தேக்கும் வேங்கையும் அகக்காழ். தாவர வகைப்பாடாகப் படித்துவிட்டுப் போகும் இந்த நூற்பாவை, வில் செய்பவர் கையேடாகவே படிக்கலாம். புறக்காழ் உள்ளதில் வலிமை எல்லாம் தோலை ஒட்டியே இருக்கிறது. உள்ளே போகப்போக வெறும் சோறு. எனவே அதில் முதுகு எது என்ற கேள்வியே எழுவதில்லை.

அர்த்தசாத்திரத்தின் படைக்கலச் சாலைப் பகுதியில் விற்கள் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று நான்காகச் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் உண்டு. முதலில் நிற்பது பனை. இதைப் படித்த ஆர்வத்தில், எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பனங்கை ஒன்றிலிருந்து ஐந்தடி வில் செய்தேன். உயிருள்ள பனையை இதற்காக வெட்டவில்லை, வெட்டவும் கூடாது.

பனையை இழைப்பது மரத்தை இழைப்பதைப் போன்றதன்று. கறுத்த நார்க்கம்பிகளும் அவற்றுக்கிடையே மென்மையான மாப்பகுதியுமாக இருப்பதால், இழைப்புளியின் அலகு ஒரு கம்பியில் மாட்டினால் அதை முழம் நீளத்துக்கு உரித்துக்கொண்டு வரும். உள்ளங்கையில் ஏறிய சிலாம்பை எடுக்க என் மனைவி ஊக்கும் விளக்கும் கொண்டு ஒரு மணி நேரம் போராடினார். கடைசியில் இழைப்புளியை வைத்துவிட்டு, உடைந்த கண்ணாடியாலும் அரத்தாலும் சுரண்டியே முடித்தேன். 30 பவுண்டு தேறியது. அம்பு மெதுவாகத்தான் போகிறது. ஆனால் இரண்டு ஆண்டுகளாக உடையவில்லை. நியூ கினியிலும் அமேசான் காடுகளிலும் பனை இனத்தின் கறுத்த புறக்காழில்தான் விற்கள் செய்கிறார்கள் என்பதால், குறை மரத்தில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உளிச்சத்தம்

பனங்கை ஐயா, அந்த நூற்பாவை இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இங்கு பலர் ஓசேஜ் வயிற்றின் மேல் மூங்கில் பட்டையை முதுகாக ஒட்டி வில் செய்கிறார்கள். அகக்காழை வயிற்றிலும் புறக்காழை முதுகிலும் வைப்பது என்று இனி அதைச் சொல்வேன்.

மலைவேம்பு

இடையில் ஒரு சிறு குறிப்பு. எல்ம் மரத்தை ஒருவரும் சொல்லவில்லையே. டென்மார்க்கின் ஹோல்மகார்டு சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த விற்கள் எல்ம் மரத்தவை. ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமை உடையவை. அவற்றின் கைகள் அகலமானவை. இங்கிலாந்து வில்லைப் போல் குறுகலாகவும் தடிப்பாகவும் எல்ம்மைச் செய்திருந்தால் வயிறு நசுங்கியிருக்கும். அதைச் செய்தவர்கள் கணக்கு எழுதாமலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். எந்த மரம் என்று கேட்கும்போதே எந்த வடிவம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் அல்லவா?

அளவுகோல்

மலைவேம்பு அவர்கள் சொன்னதற்கு எண்ணைச் சேர்க்கிறேன். விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதத்திலும் தடிப்பின் முப்படி விகிதத்திலும் கூடும். தடிப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு 27 விழுக்காடு குறைந்துவிடும்; அதை ஈடுகட்ட அகலத்தை 37 விழுக்காடு கூட்ட வேண்டும். ஒரே வளைவில் வயிற்றின் திரிபு தடிப்பைப் பொறுத்தது என்பதால், ஆஷ், எல்ம், ஹிக்கரி போன்ற மரங்களில் அகலத்தைக் கூட்டித் தடிப்பைக் குறைப்பதே வயிற்றைக் காக்கும் வழி.

ஆற்றங்கரையான்

எல்லோருக்கும் நன்றி. நான் மூன்று மரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கேட்டேன். ஒரே வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது.

ஆஷ் அடிமரத்தை நேற்று பிளந்தேன். ஆறடி நீளம், நேரான நார், கணு மிகக் குறைவு. ஆனால் பட்டையை உரித்ததும் மனம் உடைந்தது. அடியில், மரத்தின் மேற்பரப்பு முழுவதும் புழு நெளிந்து நெளிந்து ஓடிய தடங்கள், யாரோ நகத்தால் கிறுக்கியதைப் போல் இருக்கின்றன. இது பயன்படுமா? ஆண்டு வளையங்கள் மிகவும் தடித்திருக்கின்றன என்பதும் கவலையாக இருக்கிறது. நெருக்கமான வளையங்களே நல்லவை என்று படித்தேன்.

உளிச்சத்தம்

இரண்டு கவலைகளும் தீரக்கூடியவையே.

நெருக்கமான வளையம் நல்லது என்பது யூவைப் போன்ற ஊசியிலை மரத்துக்குப் பொருந்தும் அறிவுரை. ஆஷ், ஓசேஜ், ஹிக்கரி, எல்ம் ஆகியவற்றில் ஒவ்வொரு வளையத்திலும் வசந்தத்தின் துளைமிகுந்த அடுக்கு ஏறத்தாழ ஒரே தடிப்பில்தான் வரும். மரம் வேகமாக வளர்ந்த ஆண்டில் கூடுவது கோடையின் அடர்ந்த பகுதி. எனவே இவற்றில் தடித்த வளையம் கிடைப்பது நற்பேறு. யூவுக்குச் சொன்னதை ஆஷுக்குப் பொருத்திப் பார்த்து நல்ல கட்டையை அடுப்பில் வைத்தவர்களை நான் அறிவேன்.

புழுத் தடத்தைப் பொறுத்தவரை, பச்சை வண்டின் புழு பட்டைக்கும் மரத்துக்கும் இடையேதான் மேய்கிறது. மரத்துக்குள் ஆழமாக இறங்குவதில்லை. சாதாரண ஆஷ் கட்டையில் பட்டையை உரித்தால் முதுகு ஆயத்தம். உங்களுடையதில் அது கீறப்பட்டிருக்கிறது. ஓசேஜுக்குச் சொன்ன அதே முறையில் ஒன்றிரண்டு வளையங்கள் இறங்கிப் புதிய முதுகை எடுங்கள். ஒரு தடமும் மிஞ்சக் கூடாது. மரம் உயிரோடிருந்தபோதே வெட்டியது நல்லதாயிற்று. நின்றபடியே செத்த ஆஷ் விரைவில் நொறுங்கும் தன்மையை அடைகிறது.

முனைகளுக்கு உடனே மெழுகோ பசையோ பூசுங்கள். இல்லையென்றால் நாளைக்கே வெடிப்பு ஓடும். புதிதாக வெளிப்பட்ட முதுகுக்கும் அதே பூச்சைப் பூசி நிழலில் வையுங்கள்.

நான் அனுப்பும் ஓசேஜைத் தொடாமல் ஓர் ஆண்டு வையுங்கள். ஆஷில் ஒரு வில்லை முடித்த பிறகு அதற்கு வாருங்கள். ஆஷ் உங்களிடம் ஐந்தாறு கட்டைகள் இருக்கின்றன. ஓசேஜ் ஒன்றே ஒன்று. இது மரத்தின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று, எண்ணிக்கையைப் பற்றியது.

நாணொலி

முழுதும் வழிமொழிகிறேன். வயிற்றைச் சூட்டுத் துப்பாக்கியால் (சூடான காற்றை ஊதும் கருவியால்) மெல்லப் பழுப்பேறும் வரை காய்ச்சினால் ஆஷின் அமுக்கத் தாங்கும் திறன் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சிய பிறகு சில நாள்கள் காற்றில் வைத்து, இழந்த ஈரத்தை மரம் மீட்டுக்கொள்ள விட வேண்டும். உடனே இழுத்தால் முதுகு முறியும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆற்றங்கரையான் (எட்டு மாதங்களுக்குப் பிறகு)

வணக்கம். ஆஷ் வில் முடிந்தது. 68 அங்குல நீளம், கைப்பிடியை அடுத்த அகலம் 2 அங்குலம், நுனியில் அரை அங்குலம். இரண்டு வளையங்கள் இறங்கிய பிறகே புழுத்தடம் முற்றிலும் மறைந்தது. நீங்கள் சொன்ன நொறுநொறு ஓசை ஆஷிலும் கேட்கிறது. 45 பவுண்டுக்குத் திட்டமிட்டேன். கீழ்க்கையின் விறைப்பைக் குறைக்கக் குறைக்க மேற்கை விறைப்பாகத் தோன்றி, அதைக் குறைத்தால் இது விறைப்பாகத் தோன்றி, குரங்கு அப்பம் பங்கிட்ட கதையாக 41 பவுண்டில் வந்து நின்றது. நாணைக் கழற்றினால் ஒன்றே கால் அங்குல வளைவு நிற்கிறது. சுமார் 300 அம்புகள் எய்துவிட்டேன்.

ஒரு கேள்வி இருக்கிறது. மேற்கையின் வயிற்றில், கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் மெல்லிய குறுக்குக் கோடுகள் மூன்று இருக்கின்றன. நகத்தால் தேய்த்தால் மிக லேசாகத் தட்டுப்படுகின்றன. இவை கத்திக் கீறலா, அமுக்கச் சுருக்கமா?

உளிச்சத்தம்

நகத்தில் தட்டுப்பட்டால் சுருக்கம்தான். அந்த இடம் அக்கம்பக்கத்தைவிட அதிகமாக வளைகிறது என்று பொருள். கோடுகள் இருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். அதற்கு இரு புறமும், ஒவ்வொன்றிலும் ஒரு சாண் தூரத்துக்கு, அரத்தால் பத்துப் பத்து இழுப்புகள் தேய்த்து, ஒவ்வொரு முறையும் வில்லை முப்பது தடவை குறைந்த தூரத்துக்கு இழுத்துப் பாருங்கள். 38 பவுண்டுக்கு இறங்கும். கோடுகள் வளரவில்லை என்றால் வில் பல ஆண்டுகள் நிற்கும்.

ஆற்றங்கரையான்

செய்துவிட்டேன். 37 பவுண்டு. கோடுகள் மூன்றாகவே இருக்கின்றன. இன்று காலை மேலும் 60 அம்புகள் எய்து பார்த்து எண்ணினேன். ஓசேஜ் கட்டை சன்னல் ஓரத்தில் நிற்கிறது. வெயில் படும் பக்கம் பழுப்பாகிவிட்டது, சுவரைப் பார்த்த பக்கம் இன்னும் பலாச்சுளை மஞ்சள். ஏப்ரலில் ஓராண்டு முடிகிறது.